தேசியப் பாதுகாப்பில் முதுநிலைப் படிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்பு பற்றிய முதுநிலைப் பட்டம் பெற்றுவிட்டால் கூட்டாட்சி அரசின் வேலை தானாகவே வந்து சேரும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. பணிக்குத் தொடர்புடைய பாடத்தில் முதுநிலை முடித்தவர் பொது ஊதிய அட்டவணையின் 9ஆம் நிலைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் தருவது அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார வைப்பது, அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் பாதுகாப்பு அனுமதி. அதை மாணவர் தாமாகக் கேட்டுப் பெற முடியாது. அவரைத் தேர்ந்தெடுத்த அமைப்புதான் கோர வேண்டும். மிக அரிதான விலக்குகள் தவிர, குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது கிடைப்பதும் இல்லை. கிரீன் கார்டை நம்பிப் பெரும் கட்டணம் கட்டிச் சேர்ந்தபின் இதை அறிய நேர்வது வேதனைக்குரியது. இதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த தவறு, எஸ்எஃப்-86 என்னும் பின்னணி விசாரணைப் படிவத்தை வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது. நூறு பக்கங்களைத் தாண்டும் அந்தப் படிவம், கடந்த 10 ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளை மாத இடைவெளிகூட விடாமல் கேட்கிறது. அண்மை மூன்று ஆண்டுகளின் முகவரிகளுக்கு, நாம் அங்கே வசித்ததை அறிந்த ஒருவரின் பெயரையும் தர வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தங்கிய வாடகை அறையை நினைவிலிருந்து தேடுவது எவ்வளவு கடினம் என்பது எழுத உட்காரும்போதுதான் தெரியும். ஆகவே முகவரிகள், வெளிநாட்டுப் பயணத் தேதிகள், வெளிநாட்டில் நெருங்கிப் பழகும் உறவினர், நண்பர் விவரங்கள் ஆகியவற்றைப் படிக்கும் காலத்திலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது நல்லது. வெளிநாட்டு உறவுகள் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை, ஆனால் தெரிந்தே மறைத்தால் அது குற்றமாகவே கருதப்படும். கஞ்சா சில மாநிலங்களில் சட்டபூர்வமானது என்பதும் இங்கே துணைக்கு வராது, ஏனெனில் விசாரணையாளர்கள் பார்ப்பது கூட்டாட்சிச் சட்டத்தை.

கடனும் இந்த விசாரணைக்குள் வருகிறது. கடன் வாங்கியது குறையன்று. தவணை தவறியதுதான் நம்பகத்தன்மை குறித்த கேள்வியாக எழும். சம்பளத்துக்கு மீறிய கல்விக் கடனை ஏற்பதற்கு முன், 120 தகுதியான தவணைகளுக்குப்பின் மீதியைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கோட்பாடுகளை மட்டுமே படித்து, மொழியைக் கைவிடுவதும் இழப்பே என்பது என் உறுதியான கருத்து. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த போரன் ஃபெல்லோஷிப், மேற்கு ஐரோப்பா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர்த்த நாடுகளில் மொழி பயில உதவி, அதற்கு ஈடாகக் குறைந்தது ஓராண்டு அரசுப் பணியைக் கோருகிறது.

பழைய வழிகாட்டிகளையும் அப்படியே நம்பக் கூடாது. முதுநிலை மாணவர்களை அரசுப் பணிக்குள் கொண்டுவர 1977இல் தொடங்கிய பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டம், 2025 பிப்ரவரியில் அதிபரின் ஆணையால் முடிவுக்கு வந்தது. அந்த வாசல் மூடியபின் இன்டர்ன்ஷிப்பின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் அனுமதி விசாரணை மாதக்கணக்கில் நீள்வதால், புலனாய்வு அமைப்புகளின் கோடைப் பயிற்சிக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டாண்டுப் படிப்பில் சேர்பவருக்கு அந்தக் கெடு முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே வந்துவிடலாம்.