ஃபைட்டர் மீனை ஜோடி சேர்க்கும்போது செய்யக்கூடாதவை

ஆண் ஃபைட்டர் முட்டைகளை வைக்க நீர்மட்டத்தில் குமிழிகளால் நுரைக்கூடு கட்டியதும் உடனே பெண்ணைத் தூக்கி உள்ளே விட்டுவிடாதீர்கள். தனியாகக் கிடக்கும் ஆண்கூட கூடு கட்டும். பெண் முட்டையிடத் தயாரா இல்லையா என்பதை அந்த நுரை சொல்லாது. தயாராக இல்லாத பெண்ணை ஆண் துரத்தித் துரத்திக் கடித்துச் செதிலைப் பிய்த்துவிடும், சில சமயம் கொன்றேவிடும். அதனால் பெண்ணை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு அதே தொட்டிக்குள் ஓரிரண்டு நாள் வையுங்கள். வயிறு உப்பி, அடியில் வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டு, உடம்பில் மேலிருந்து கீழாக வெளிர் கோடுகள் தெரிந்தால் திறந்துவிடலாம். அப்போதும் அது ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் செடி இருக்கட்டும்.

அடுத்த தவறைப் பதற்றத்தில் செய்கிறோம். கூட்டுக்கு அடியில் ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றி இறுக்கும், பிடி விட்டதும் பெண் சில நொடி செத்ததுபோல் சாய்ந்து மிதக்கும். ஐயோ போச்சே என்று வலையை விட்டுக் கலைத்துவிடாதீர்கள், அது இயல்புதான். முதல் சில அணைப்புகளில் முட்டையே வராமல் போகலாம். அப்புறம் ரவை ரவையாக வெள்ளை முட்டைகள் கீழே இறங்கும், ஆண் பாய்ந்து போய் ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரைக்குள் ஒட்டிவிட்டு மறுபடி பெண்ணிடம் வரும். மணிக்கணக்கில் இதே வேலை. தண்ணீர் அரை அடிக்கு மேல் வேண்டாம், ஃபில்டரையும் நிறுத்திவிடுங்கள், நீரோட்டம் கூட்டைக் கலைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஆண் பெண்ணை விரட்டும். அப்போது வெளியே எடுக்க வேண்டியது பெண்ணைத்தான், ஆனால் பலர் முட்டையைத் தின்றுவிடுமோ என்று பயந்து ஆணை எடுத்துவிடுகிறார்கள். முதல்முறை அப்பாவாகும் சில ஆண்கள் தின்னும், உண்மைதான். ஆனாலும் பூஞ்சை பிடித்த முட்டையை ஒதுக்குவதும், பொரிந்து வால் கீழே தொங்க நுரையிலிருந்து நழுவி விழும் குஞ்சைத் திரும்பக் கொண்டுபோய் ஒட்டுவதும் அதுதான். ஓரிரண்டு நாளில் பொரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தும்போது ஆணை எடுத்தால் போதும்.

சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தச் சின்ன வாய்க்குத் தூள் தீவனம் பெரிது, மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே இன்ஃபுசோரியா (நீரில் வாழும் மிக நுண்ணிய உயிர்கள்) வளர்த்து வையுங்கள், குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சின்ன இறால் வகையின் குஞ்சுகள்) கொடுக்கலாம். தொட்டியை மூடியே வையுங்கள். சில வாரங்களில் அவை மேலே வந்து காற்றை விழுங்கத் தொடங்கும், அப்போது தண்ணீருக்கு மேலுள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.