மருத்துவமனையை நடத்திய மருத்துவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

ஆண்டு மலருக்காக மூத்த மருத்துவர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால், பிறந்த ஊர், படித்த கல்லூரி, பெற்ற விருதுகள் என்று வரிசையாக எழுதி முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. அவர் நோயாளிகளைப் பார்த்ததோடு, படுக்கை, பணம், ஆட்கள், நேரம் ஆகியவற்றைப் பற்றி நாள்தோறும் முடிவெடுத்தவரும் ஆவார் என்பது அந்த வரிசையில் மறைந்துவிடுகிறது. ஆகவே அவர் எடுத்த முடிவுகளை முதலில் தேடுங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை எடுத்துக்கொள்வோம். 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தது, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றது, இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றியது ஆகியவற்றுக்கு ஒரு பத்தி போதும். நிதானமாக நின்று எழுத வேண்டியது அவருடைய விரல்களைப் பற்றித்தான். மகப்பேறு மருத்துவராக விரும்பியவரை முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணி இறுகிப்போயின. அந்தக் கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பற்றப் பழகி, கண்புரை அறுவையைக் கற்று, வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். இதை எழுதும்போது ‘விடாமுயற்சி’ என்ற சொல் தேவைப்படாது. விரல்களைக் காட்டினால் வாசகருக்கே விளங்கும்.

அடுத்தது நிர்வாகம். பலரும் தயங்கி விட்டுவிடும் இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்கச் சொல்வேன். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற அவர், 1976இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தோரும் அவர்களுடைய துணைவர்களும் அவரோடு சேர்ந்தனர். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே இலவச நோயாளிகளுக்கும் சிகிச்சை அளிக்கும்படி கணக்கை அமைத்தார். இதை ‘தொண்டுள்ளம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், நடைமுறையை விளக்குங்கள். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைச் செவிலியர்கள் ஆயத்தப்படுத்திவிடுவார்கள். மருத்துவர் ஒன்றை முடித்ததும் நுண்ணோக்கியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குப் பயிற்சி தந்ததால்தான் இது இயன்றது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டு லென்ஸ்கள் மதுரையிலேயே செய்யப்பட்டன.

நீங்கள் எழுதவிருக்கும் மருத்துவருக்கும் இத்தகைய செய்திகள் கிடைக்கும். ஆனால் உடன் பணியாற்றிய மருத்துவர்களிடம் மட்டும் கேட்டால் புகழுரைதான் மிஞ்சும். மருந்துக் கிடங்கைக் கவனித்தவர், கணக்கர், அரங்குச் செவிலியர், இரவுக் காவலர் ஆகியோரையும் சந்தித்து, காலையில் அவர் முதலில் எந்தப் பகுதிக்குப் போவார், பணம் போதாதபோது எந்தச் செலவை நிறுத்தினார், எதை நிறுத்த மறுத்தார் என்று கேளுங்கள். பிறர் சொல்லும் ஆண்டுகளை ஆண்டறிக்கையோடும் கூட்டக் குறிப்புகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நினைவில் ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாவது இயல்பு. தோல்வியுற்ற திட்டங்களையும் காரணத்தோடு எழுதுங்கள். நோயாளிகளின் பெயரையும் நோய் விவரத்தையும் அவர்களுடைய இசைவின்றி ஒருபோதும் எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும், அவரோடு நெடுங்காலம் அரங்கில் நின்ற செவிலியர் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டி, ‘அவர் அப்படிச் செய்யமாட்டாரே’ என்று அவர் குறுக்கிடும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் திருத்திய பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.