கொடுவாவுக்கு எறிதூண்டில்: கடைசி ஒரு மீட்டரிலிருந்து கயாக் வரை

கொடுவா தப்பிப் போவது பெரும்பாலும் ராடு உடைந்தோ ரீல் திணறியோ அல்ல. தூண்டில் நரம்பின் கடைசி ஒரு மீட்டரில்தான் கதை முடிகிறது. லீடர் (நரம்பின் முனையில் இணைக்கும் தடித்த நரம்பு) தேய்ந்து அறும், முடிச்சு வழுக்கும், கொக்கி நிமிரும், வளையம் விரியும். விலை உயர்ந்த ரீலை வாங்கிவிட்டு லூரோடு (செயற்கை இரையோடு) வந்த கொக்கியை மாற்றாமல் விடுவது, தேக்குக் கதவுக்குத் தகரத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதனால் முள் முனையில் தொடங்கிப் பின்னோக்கிப் போவோம்.

லீடர், முடிச்சு, கொக்கி

கொடுவாவுக்கு சீலா போல வெட்டும் பல் கிடையாது. வாய்க்குள் இருப்பது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. அது நரம்பை ஒரே கடியில் அறுக்காது, சண்டை நீளும்போது தேய்த்தே அறுக்கும். இன்னொரு ஆபத்து செவுள் மூடி. அதன் விளிம்பு பிளேடு மாதிரி. மீன் தலையை உதறும்போது லீடர் அதில் பட்டால் பட்டென்று போகும். இதற்காகக் கம்பி லீடர் போட வேண்டாம், லூரின் நெளிவு செத்துவிடும். திறந்த நீரில் 40 பவுண்டு தாங்கும் லீடர் போதும். பாலத் தூண், கல் கட்டு, சுரபுன்னை வேர் என்றால் 60 பவுண்டு. நீளம் 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர். அதற்கு மேல் போனால் எறியும்போது முடிச்சு ராடின் நுனி வளையத்தில் அடிபடும்.

நீருக்குள் ஓடும் லூர்களுக்கு ஃப்ளூரோகார்பன் லீடர் நல்லது, தேய்மானம் தாங்கும். மேல்நீரில் ஓட்டும் பாப்பர் லூருக்கு அது வேண்டாம். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், பாப்பரின் மூக்கைக் கீழே இழுக்கும். அங்கே சாதாரணத் தங்கூஸே (நைலான் நரம்பே) போதும்.

பிரெய்டு என்ற ரீலில் சுற்றும் பின்னல் நரம்பையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. பிரெய்டை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, லீடரை அதன் மேல் ஒன்று, கீழ் ஒன்று என மாற்றி மாற்றி 20 முறை பின்னுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, பிரெய்டின் இரு முனையையும் மெதுவாக, பிறகு பலமாக இழுங்கள். பிரெய்டின் நிறம் சற்று அடர்ந்து, லீடருக்குள் பதிந்தது போல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இறுகவில்லை, முதல் பெரிய மீனிலேயே உருவிக்கொண்டு வரும். இறுகிய பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு அரைமுடிச்சு, லீடரின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு வெறும் பிரெய்டின் மேல் இன்னும் நான்கு. காற்றில் ஆடும் கயாக்கில் இதைப் போட முயன்று பொறுமை இழக்காதீர்கள். அங்கே இரட்டை யூனி முடிச்சே போதும், சற்றுப் பருமன் என்றாலும் பிடிக்கும்.

லூரைக் கட்ட இறுகாத கண்ணி முடிச்சு. லூரின் மூக்கில் நேராக இறுக்கிக் கட்டினால் 40 பவுண்டு லீடரின் விறைப்பே அதை ஆடவிடாது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரத்த பகுதி எவ்வளவோ அவ்வளவையும் நறுக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யச் சோம்பியவர்களின் லூர்கள்தான் பாலத்தடியில் தொங்குகின்றன.

பல லூர்கள் நன்னீர் மீனைக் கணக்கில் வைத்த மெல்லிய டிரெபிள் (மூன்று முள்) கொக்கியோடு வருகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, கடல்நீருக்கான பருத்த கம்பிக் கொக்கியும், குறைந்தது 25 கிலோ தாங்கும் பிளவு வளையமும் போடுங்கள். எடையைக் கவனியுங்கள். பழைய கொக்கி 2 கிராம், புதியது 3 கிராம் என்றால் மின்னோ (சிறுமீன் வடிவ) லூர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடலாம், மிதக்க வேண்டியது மூழ்கலாம். மாற்றியதும் வாளித் தண்ணீரில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். வேர் அடர்ந்த இடங்களில் டிரெபிளுக்குப் பதில் ஒற்றை முள் போடுவது சிக்கலைப் பாதியாகக் குறைக்கும், மீனை விடுவிப்பதும் எளிது.

பிரெய்டு, ரீல், ராடு

பிரெய்டு 20 முதல் 30 பவுண்டு. பிரெய்டின் பருமனைக் குறிக்கும் பி.இ. எண்ணில் சொன்னால் ஏறக்குறைய 1.5 முதல் 2. ரீலின் ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளையில்) நேரடியாகப் பிரெய்டைச் சுற்றினால் சண்டையின்போது மொத்தமும் வழுக்கிச் சுழலும். டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டது என்று தோன்றும், உண்மையில் அடிப்பிடி இல்லை. முதலில் பத்துச் சுற்று தங்கூஸ் போட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்றுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் எறியும்போது கொத்தாகக் கிளம்பிச் சிக்கு விழும். எறிந்த பிறகு ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்து விறைப்பாக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதிச் சிக்கு வராது.

ரீல் 3000 அல்லது 4000 அளவு. எத்தனை பேரிங் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், டிராக் விட்டுவிட்டு இழுக்காமல் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். டிராக்கைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுங்கள். 30 பவுண்டு பிரெய்டுக்கு 3 முதல் 3.5 கிலோவில் நரம்பு ஓடத் தொடங்க வேண்டும். அதாவது தாங்கும் எடையில் கால் பங்கு. தூணை ஒட்டி எறியும்போது 4.5 கிலோ வரை ஏற்றலாம், கயாக்கில் அப்படி ஏற்றினால் மீன் உங்களையே இழுத்துக்கொண்டு வேருக்குள் போகும்.

கடைகளில் ‘பாஸ் ராடு’ என்று விற்பவை அமெரிக்க ஏரிகளின் பெருவாய் பாஸ் மீனுக்காகச் செய்யப்பட்டவை. கொடுவாவை ஆசியக் கடல் பாஸ் என்றும் சொல்வார்கள். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. ஆனாலும் நடுத்தரத்துக்கு மேற்பட்ட வலு உள்ள பாஸ் ராடு கொடுவாவுக்கு நன்றாகவே பொருந்தும். ஆறரை முதல் ஏழு அடி, 10 முதல் 35 கிராம் லூர் எறியக்கூடியது. வளையங்களின் சட்டம் உப்புநீர் தாங்குமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். நன்னீர் ராடின் வளையம் துருப்பிடித்து, உள் பீங்கான் கழன்று, அந்தக் கூர் விளிம்பில் பிரெய்டு அறுவது வழக்கமான விபத்து.

லூர்: மூன்று வகை போதும்

9 முதல் 12 செ.மீ. மின்னோ. ஒரு மீட்டர் ஆழம் வரை இறங்குவது, நிறுத்தினால் அதே ஆழத்தில் தொங்குவது. இரண்டு சிறு வெட்டு, பிறகு மூன்று நொடி நிறுத்தம். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து லூரை உறிஞ்சும். நிறுத்த மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பின்னால் மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நீரின் உப்பு மாறினால் இந்த லூரின் நடத்தையும் மாறும். கோடையின் உப்புநீரில் தொங்கிய அதே லூர், மழை வெள்ளம் கலந்த ஐப்பசி, கார்த்திகை நீரில் மெல்ல மூழ்கும். நன்னீருக்கு அடர்த்தி குறைவு, அவ்வளவுதான். முதல் எறிக்கு முன் படகோரமாக விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 10 செ.மீ. ரப்பர் மீன், துடுப்பு வால். 10 கிராம் ஈயத்தலை முள்ளில் கோத்தால் ஒன்று முதல் மூன்று மீட்டர் ஆழத்துக்குச் சரி. நீரோட்டம் வேகமானால் 14 கிராம். அடி தொடவிட்டு, ராடு நுனியை ஒரு முழம் உயர்த்தி, மறுபடி இறங்கவிடுங்கள். இறங்கும்போதுதான் கடி விழும். அப்போது நரம்பு முழுக்கத் தளர்ந்திருந்தால் கடியே தெரியாது. முள்ளில் கோணலாகக் கோத்தால் ரப்பர் சுழன்று நரம்பை முறுக்கிவிடும், நேராக வரும் வரை பிடுங்கி மறுபடி கோத்துவிடுங்கள். வெவ்வேறு வகை ரப்பரை ஒரே பெட்டியில் போடாதீர்கள், சில ஒன்றையொன்று உருக்கிப் பசையாக்கும்.

மூன்றாவது மேல்நீர் லூர். விடியலிலும் அந்தியிலும் நீர் அமைதியாக இருக்கையில் மட்டும். வெடிச் சத்தத்தோடு கொடுவா அடித்ததும் கை தானாக ராடை இழுக்கும். இழுக்காதீர்கள், எடை கையில் தெரிந்த பிறகு இழுங்கள். நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் உண்டு. கலங்கல் நீருக்குத் தங்கநிறமோ கருப்போ, தெளிந்த நீருக்கு மடவைக் குஞ்சின் வெள்ளி நிறமோ வைத்துக்கொண்டால் போதும். இருபது நிறம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

நீர் எப்போது ஓடும், மீன் எங்கே நிற்கும்

சோழமண்டலக் கரையில் ஓதத்தின் பெரிய ஏற்றவற்றமே ஒரு மீட்டர் அளவுதான். அதனால் நேரம் முக்கியம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில், வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரமும் நல்ல வேளை. நீர் வற்றும்போது சிறு வாய்க்கால்களிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே தள்ளப்படும், கொடுவா அந்த வாயில் காத்து நிற்கும். நீர் ஓடாவிட்டால் எந்த லூரும் பயனில்லை. நம் ஆறுகள் பலவற்றின் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கிடக்கும். அப்போது ஓத அட்டவணையைப் பார்த்துக் கிளம்புவது வீண் அலைச்சல், உள்ளே ஓதமே வராது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வாய் உடைத்துக்கொண்டு, கலங்கல் தெளியத் தொடங்கும் வாரங்கள் பொன்னானவை.

பாலத்தடியில் மீன் தூணின் நிழலில், நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். லூரை நீர் வரும் பக்கம் தூணைத் தாண்டி எறிந்து, ஓட்டத்தோடு இழுத்து வாருங்கள். தூணிலிருந்து ஒரு முழத்துக்குள் வர வேண்டும். இரண்டு முழம் தள்ளிப் போனால் பல நேரம் அது அசையாது. கடித்த முதல் ஐந்து நொடியில் மீனின் தலையைத் தூணிலிருந்து திருப்பாவிட்டால் தூணில் ஒட்டிய கொட்டலசும் ஆளிச் சிப்பியின் கூர் ஓடும் மிச்ச வேலையை முடித்துவிடும். மேலே துள்ளும் போலிருந்தால் ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். காற்றில் தலையை உதறும்போதுதான் கனமான லூர் கழன்று பறக்கும்.

கயாக்

காயல், கழிமுகம் போன்ற ஒடுங்கிய நீருக்கு, மேலே உட்காரும் வகைக் கயாக் பொருத்தம். உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் நீர் நிரம்பிவிடும், தனியாக மீட்பது கடினம். நீளம் 10 முதல் 12 அடி, அகலம் 80 செ.மீ.க்குக் குறையாமல். தாங்குதிறன் என்று எழுதியிருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நம்ப வேண்டும். ஆள் 75 கிலோ, சாமான் 20 கிலோ என்றால் 140 கிலோவுக்கு மேல் தாங்குவதைத் தேடுங்கள். பரிசல் அழகுதான், ஆனால் ஒவ்வொரு எறிக்கும் சுழலும். அதைத் துடுப்பால் நிறுத்தப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.

நங்கூரத்தைக் கயாக்கின் பக்கவாட்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். ஓட்டம் வந்து இழுத்தால் அப்படியே புரட்டும். முனையிலோ பின்னாலோ மட்டும். 1.5 கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப் போல நான்கு மடங்கு கயிறு, கயிற்று முனையில் ஒரு மிதவை. பெரிய மீன் ஓடினால் கயிறை உருவி விட்டுவிட்டுப் போய், பிறகு மிதவையைத் தேடி எடுக்கலாம். ஒரு மீட்டர் ஆழச் சேற்றில் மூங்கில் கோல் ஊன்றுவது இதைவிட எளிது, சத்தமும் இல்லை.

மின் மோட்டார் வேண்டுமென்றால் கயாக்குக்கு 30 பவுண்டு உந்துவிசை தாராளம். அது முழு வேகத்தில் 30 ஆம்பியர் அளவில் இழுக்கும். 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஒன்றரை மணி நேரம், மெதுவாக ஓட்டினால் பல மடங்கு. ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், எடையும் இரட்டிப்பு. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடாமல் ஓட்டாதீர்கள், காற்றாடியில் வலை சிக்கினால் வயர் எரியும்.

நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிவிடும். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி ஏறுவதை மார்பளவு நீரில் பழகிய பிறகே ஆழத்துக்குப் போங்கள்.

பழவேற்காட்டில் யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டுவது என்பதற்குப் ‘பாடு’ என்ற ஊர்முறை உண்டு. அவர்கள் பிழைப்பின் குறுக்கே நிற்காமல், கட்டு வலைக்கு 50 மீட்டர் தள்ளியே எறியுங்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது.

கரையேற்றம், விடுதல், கழுவுதல்

முடிச்சு இல்லாத ரப்பர் வலையால் ஏந்துங்கள். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கினால் விரல் கிழியும். கீழ் உதட்டைப் பிடித்து, வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாட்டில் எடுங்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். நல்ல பெரியது பெரும்பாலும் முட்டைத் தாய். அதை நீருக்குள் ஓட்டத்தை நோக்கிப் பிடித்து, வால் தானாக அடிக்கும் வரை காத்திருந்து விடுங்கள். கறிக்கு இரண்டு கிலோ மீனே ருசி.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடி, ரீல் மேல் மெல்லிய நீர் விடுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்துக் காய்ந்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் உள்ளிருக்கும் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் பட்ட லூரை ஈரத்தோடு பெட்டியில் போடாதீர்கள். ஒரு லூரின் துரு அந்தப் பெட்டியின் எல்லாக் கொக்கிக்கும் ஒரு வாரத்தில் பரவிவிடும்.