கடலட்டை கிடைத்த இடத்தை அச்சில் போடலாமா? மன்னார் வளைகுடா ஆய்வாளருக்கான வெளியீட்டு நெறிமுறை

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று இந்தக் கரையில் மாதிரி எடுத்து முதல் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும், முதன்முறையாக ஒரு கட்டுரையை மதிப்பிட அழைக்கப்படுபவர்களுக்கும் இது. இதழுக்குக் கட்டுரையைப் பதிவேற்றும் நாளில்தான் கேள்விகள் திரையில் வரிசையாக வரும். அனுமதி எண் என்ன, யார் என்ன வேலை செய்தார்கள், நலன் முரண் உண்டா, மூலத் தரவு எங்கே இருக்கிறது? அன்றைக்கு உட்கார்ந்து யோசித்து நிரப்பினால் பாதி ஊகமாகத்தான் இருக்கும். வேலை நடக்கும்போதே எழுதிவைத்தவரால்தான் அதை உண்மையாக நிரப்ப முடியும்.

வல்லத்தில் ஏறும் முன்

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பூங்காவுக்கு வெளியே எடுத்தாலும் கடலட்டை, கடல்குதிரை, பவளம், கடற்பசு ஆகியவை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மீன் இறங்குதளத்தில் கழிவோடு கிடந்த செத்த கடலட்டைதானே என்று எடுத்து வருவது அடிக்கடி நடக்கும் தவறு. செத்ததை வைத்திருப்பதற்கும் அனுமதி தேவை.

அனுமதிக் கடிதத்தில் உள்ள எண், தேதி, இனம், எண்ணிக்கை நான்கையும் ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். 20 உயிரிகளுக்கு அனுமதி வாங்கிவிட்டு அட்டவணையில் 46 காட்டினால், அந்தக் கட்டுரையே உங்களுக்கு எதிரான சாட்சி. புது இனம் என்று விவரிப்பதாக இருந்தால், உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன் 39ஆம் பிரிவுப்படி சான்று மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். அது விலங்கினமாக இருந்து இதழ் மின்வடிவில் மட்டும் வருவதானால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் இட்ட பெயர் செல்லாது.

இதே கட்டத்தில் ஒரு பக்கத் தாளில் கட்டுரையாளர் பட்டியலையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். யார் பெயர் எத்தனையாவது, இதழோடு தொடர்பு கொள்பவர் யார், இடையில் ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைக் கடல் உயிரியல் இதழ்கள் பலவும் பின்பற்றுகின்றன. திட்டமிடுவதிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும், விலகிப்போன மாணவி எடுத்த தரவை வைத்துக்கொண்டு அவர் பெயரை நீக்குவதும் ஒரே அளவு தவறுதான். யார் என்ன செய்தார் என்பதைப் பிரித்துக் காட்ட 14 பங்களிப்பு வகைகள் கொண்ட கிரெடிட் பட்டியலை இதழ்கள் கேட்கும். வேலை நடக்கும்போதே அதை நிரப்பி வாருங்கள்.

படகோட்டி அண்ணனுக்கும் முங்கி எடுத்துத் தந்தவருக்கும் கூலி கொடுத்தாயிற்று என்பதோடு கணக்கு முடிவதில்லை. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்தக் காற்றுக்கு எது கிடைக்கும் என்ற அறிவு அவருடையதாக இருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு நன்றியுரையில் பெயரோடு குறிப்பிடுங்கள். கேட்காமல் போடாதீர்கள். ஏன் என்பது அடுத்து வருகிறது.

கரையில் கேட்டதை எழுதும்போது

வலையில் ஆவுளியா (கடற்பசு) சிக்கியதுண்டா என்று கேட்கிறீர்கள். நம்பிக்கையோடு ஒருவர் பதில் சொல்கிறார். அந்தப் பதில் சட்டப்படி ஒரு குற்றத்தின் ஒப்புதலாக ஆகக்கூடும். எந்தத் தீவு ஓரத்தில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறோம் என்று பெண்கள் சொல்வதும் அப்படியே. பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பது பெரிய பிழை. நாற்பது வீடு உள்ள குப்பத்தில் ‘52 வயது, திருக்கை வலை, ஃபைபர் வல்லம்’ என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும்.

எனவே கேட்கப் போகும் முன்பே நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டுங்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லுங்கள். கட்டுரையில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக ‘மன்னார் வளைகுடாப் பக்கம், ஊர் அ’ என்று போடுங்கள். வயதைப் பத்தாண்டு இடைவெளிகளாகத் தாருங்கள். பேச்சை அப்படியே மேற்கோள் காட்டும்போது படகையோ வலையையோ காட்டிக்கொடுக்கும் சொல் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துப் பாருங்கள். வெளியூர்க் கண்ணுக்கு அது தெரியாது.

இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்வது

இந்தக் கரையில் கடலட்டை கடத்தல் இன்னும் நிற்கவில்லை. ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்க ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கத்தில் தந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கம் என்றால் சுமார் 1.1 கிலோமீட்டர், ஓரிலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர். கடலட்டை, கடல்குதிரை போன்று விலைபோகும் இனங்களுக்கு ஓரிலக்கம் போதும். அல்லது தீவுக் குழுவின் பெயரை மட்டும் சொல்லுங்கள்: மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி. கடற்புல் பரப்பு, பவள வெளிறல் கண்காணிப்பு போன்றவற்றில் அதே இடத்துக்கு அடுத்தவர் திரும்பிப் போக வேண்டும் என்பதால் துல்லியம் தேவைப்படலாம். எல்லாவற்றுக்கும் ஒரே விதி வேண்டாம்.

துல்லியத்தைக் குறைத்ததையும் ஏன் குறைத்தோம் என்பதையும் ஆய்வுமுறையில் ஒரு வரியில் எழுதுங்கள். முழு விவரத்தை வனத்துறையிடம் கொடுத்து வையுங்கள், இதழாசிரியர் கேட்டால் ரகசியக் கோப்பாகத் தருவதாகச் சொல்லுங்கள். கட்டுரையில் மறைத்ததை மற்ற இடங்களில் வெளியிட்டுவிடுவது வழக்கமான சறுக்கல். வரைபடத்தில் வைத்த புள்ளி, இணைப்புக் கோப்பில் உள்ள எக்செல் தாள், நீருக்கு மேல் எடுத்த புகைப்படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் எண் என எல்லாவற்றையும் பாருங்கள்.

விடுபட்ட மாதம்

வாடைக்காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமும், தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமும் கொந்தளிக்கும். மாதம் ஒருமுறை மாதிரி என்று திட்டத்தில் எழுதியிருப்போம், போக முடிந்திருக்காது. அட்டவணையில் அந்த மாதத்துக்கான கட்டத்தில் முன்மாதம், பின்மாதம் இரண்டின் சராசரியை எடுத்து நிரப்பி, அதை அளந்த எண்போலக் காட்டுவது தரவைப் புனைவது. வெற்றிடமாக விடுங்கள், காரணத்தை எழுதுங்கள். எந்த நல்ல இதழும் அதற்காகக் கட்டுரையைத் தள்ளாது.

ஒப்புமை சதவீதம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை முதல் நிலை, 40 முதல் 60 வரை இரண்டாம் நிலை, 60-க்கு மேல் மூன்றாம் நிலை. ஆய்வேடு மூன்றாம் நிலையில் சிக்கினால் பதிவே ரத்தாகும். ஆனால் சதவீதம் குறைவு என்பதால் மட்டும் கட்டுரை சுத்தமாகிவிடாது. அடுத்தவருடைய ஒரே ஒரு அட்டவணையைச் சொல்லாமல் எடுத்தாலும் திருட்டுதான். இங்கே அதிகம் மாட்டுவது ‘ஆய்வுப் பகுதி’ விவரிப்பு. 10,500 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள், 3,600 உயிரினங்கள் என்று அதே வாக்கியங்கள் கட்டுரைக்குக் கட்டுரை தொற்றிக்கொண்டே வருகின்றன. அந்த எண் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று தேடிப்பிடித்து அந்த மூலத்தையே சுட்டுங்கள். உங்கள் நிலையங்களை உங்கள் சொல்லில் விவரியுங்கள்.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

ஏற்கத்தக்க இதழ்கள் இவை என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவசரத்தில் பணம் கட்டி போலி இதழில் போட வேண்டிய தேவை முன்பைவிடக் குறைவு. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல, அது வெறும் பதிவு எண். மூன்று நாளில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் அழைப்பு, பொருளியலும் பவளமும் ஒரே இதழில் என்றால் விலகிவிடுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு அவருடைய நிறுவன முகவரியில் எழுதிக் கேளுங்கள். தம் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் நெறியாளரையோ உடன் படித்தவரையோ சொல்லாதீர்கள், நிறுவன மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று சொல்லுங்கள்.

நீங்களே மதிப்பாய்வாளராகும்போது

அழைப்பு வந்தால் இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள். முடியாது என்பதும் நல்ல பதில்தான். மௌனமாக இருந்தால் யாரோ ஒரு மாணவரின் மாதங்கள் கரையும்.

மன்னார் வளைகுடாவில் வேலை செய்பவர்கள் குறைவு என்பதால், பெயரை மறைத்து அனுப்பினாலும் நிலையங்களின் பெயரைப் பார்த்ததும் யாருடைய கட்டுரை என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது என்பதை இதழாசிரியருக்குச் சொல்லுங்கள். அண்மையில் சேர்ந்து எழுதியவர், ஒரே நிறுவனத்தவர், நெறியாளர் அல்லது மாணவர், அதே தீவில் அதே கேள்விக்குப் போட்டியாக வேலை செய்பவர் என்றால் விலகிக்கொள்ளுங்கள். நலன் முரணுக்குக் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் வளர்ப்பு இன்னொரு உதாரணம். குருசடைத் தீவில் பவளத்தின்மேல் அது படர்ந்ததாக 2008இல் கட்டுரை வெளிவந்ததிலிருந்து இரு தரப்பு வாதம் நடக்கிறது. பாசி நிறுவனத்திடம் நிதியோ ஆலோசனைக் கட்டணமோ பெற்றிருந்தாலும், அந்த வளர்ப்பை எதிர்த்து மனுக் கொடுத்திருந்தாலும் அறிவியுங்கள். மதிப்பிடலாமா என்பதை இதழாசிரியர் முடிவு செய்யட்டும்.

கட்டுரை ரகசியம். அதை ஆய்வுக்கூட வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், சுருக்கம் கேட்டு ஏஐ செயலியில் ஏற்றுவதும் ரகசியத்தை உடைப்பது. மாணவரை உதவிக்குச் சேர்ப்பதானால் முதலில் இதழாசிரியரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் தெரிவியுங்கள்.

அறிக்கையில் முதல் பத்தி கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் சொல்லில் இருக்கட்டும். பிறகு முடிவையே மாற்றக்கூடிய குறைகள், அதன்பின் சிறு திருத்தங்கள், வரி எண்ணோடு. ‘ஆங்கிலம் மோசம்’ என்று ஒரே வரி எழுதுவது மதிப்பீடு ஆகாது. உங்கள் கட்டுரைகளைச் சுட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

இந்தக் கரையை அறிந்த மதிப்பாய்வாளரால் மட்டுமே பிடிக்க முடிகிற பிழைகள் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். இராமேஸ்வரம் இழுவலையில் மே மாதம் கிடைத்த மீன் என்று அட்டவணையில் இருந்தால் மூலப் பதிவைக் கேளுங்கள். இரு கடலிலும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் முங்கியதாக எழுதியிருந்தால் தேதிகளைக் கேளுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், கேள்வியாகவே கேளுங்கள். தடைக்கு முன் பிடித்து உறையவைத்ததாக இருக்கலாம். சந்தேகம் வலுத்தால் அதை இதழாசிரியருக்கு மட்டும் எழுதும் கட்டத்தில் எழுதுங்கள். கட்டுரையாளருக்கு நேரடியாக போன் போடாதீர்கள், நிறுவனத்திடம் விசாரிப்பது இதழாசிரியர் வேலை. 1997இல் தொடங்கிய வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப், இதற்கான படிப்படியான வழிமுறையைப் பொதுவில் வைத்திருக்கிறது. கல்லூரி இதழ் நடத்துபவர்களும் அதைப் பின்பற்றலாம்.

அச்சேறிய பின்

இனத்தைத் தவறாக அடையாளம் கண்டது பிறகு தெரியவந்தால் நீங்களே இதழுக்கு எழுதுங்கள். கட்டுரையின் டிஓஐ எண் (நிரந்தர இணைய அடையாள எண்), பிழை உள்ள பக்கமும் அட்டவணையும், சரியான விவரம், அதனால் முடிவு மாறுகிறதா இல்லையா, எல்லாக் கட்டுரையாளர்களின் ஒப்புதல் என்று ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். முடிவு நிற்குமானால் திருத்தக் குறிப்பு போதும், நிற்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறக் கேளுங்கள். கள நோட்டையும் தொடாத மூலப் படங்களையும் குறைந்தது ஐந்தாண்டு வையுங்கள். உப்புக் காற்றில் வன்தட்டு சீக்கிரம் கெடும், ஆகவே ஒரு பிரதி கரையை விட்டு வேறு ஊரில் இருக்கட்டும்.