ரேடியோவில் ஓயாத இரைச்சலா? செட்டைக் குறை சொல்வதற்கு முன் வீட்டைச் சோதியுங்கள்

அப்பாவுக்குத் திருச்சி வானொலி இல்லாமல் பொழுது விடியாது. போன வருடம் அது வரும் 936 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. செய்தி வாசிப்பவர் குரல் அடியில் எங்கோ கேட்கும், அதன் மேல் 'ர்ர்ர்' என்று விடாத சத்தம். இரண்டு தடவை கடைக்குக் கொண்டுபோனோம். கடையில் கணீரென்று பேசும் செட், வீட்டுக்கு வந்ததும் பழையபடி இரையும். "செட்டுக்கு வயசாயிடுச்சு, விடுப்பா" என்று அப்பா அதை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் பேசுகிற ரேடியோ வீட்டில் பேசவில்லை என்றால், கோளாறு வீட்டில்தானே இருக்க வேண்டும்?

அப்படித் தேடிக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கருவி எதுவும் வேண்டாம். பேட்டரி போடக்கூடிய ஒரு ரேடியோ, அரை மணி நேரம், சுவிட்ச் போட்டு அணைக்க இன்னொரு ஆள் இருந்தால் போதும்.

1. பகலில், பேட்டரியில்

சோதனையைப் பகலிலேயே வையுங்கள். திருச்சி 936 போன்ற நிலையங்கள் வருவது மீடியம் வேவ் அலைகளில். வானத்தில் மேலே போகும் அந்த அலைகளைப் பகலில் அங்குள்ள கீழ் அயனி அடுக்கு (மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு) உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் தூரத்து நிலையங்களும் நம் செட்டில் விழ ஆரம்பிக்கும். இரவில் வேற்று மொழிப் பேச்சு கலப்பதும், 'கூய்' என்று விசில் அடிப்பதும், சத்தம் ஏறி இறங்குவதும் அதனால்தான். அதற்கு உங்கள் வீடும் காரணமில்லை, செட்டும் காரணமில்லை.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது ஒயர் வழியாக வந்தது. பேட்டரியிலும் தொடர்ந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

2. மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் மறக்காதீர்கள்

இதுதான் முக்கியமான படி. ரேடியோவை உங்கள் ஊருக்குக் கேட்கும் நிலையத்தில் வையுங்கள். திருச்சிப் பக்கம் 936, திருநெல்வேலி என்றால் 1197, மதுரை 1269. இப்போது மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்கள். நான் முதல் தடவை இங்கேதான் ஏமாந்தேன். மெயினை இறக்கியும் இரைச்சல் நிற்கவில்லை. தெருக் கம்பத்தில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தால் இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி பாதி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதையும் அணைத்த நொடியில் இரைச்சல் அறுந்தது. 'ர்ர்ர்' போய், அரங்கில் உட்கார்ந்து கேட்பதுபோல நாகஸ்வரம் வந்தது. அப்பா உள்ளறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

சரி, வீட்டுக்குள்தான் திருடன். இனி மெயினை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு விஷயம்: அணைத்து வைத்திருக்கிறோம் என்று நாம் நினைக்கும் பொருள்களையும் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். எங்கள் வீட்டில் டிவி அணைந்துதான் இருந்தது. ஆனால் அதன் பின்னால் செட்டாப் பாக்ஸின் அடாப்டர் இரவும் பகலும் சூடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் 936 தெளிந்தது.

காரணம் எளிதுதான். இப்போதைய அடாப்டர், போன் சார்ஜர், எல்இடி பல்பு எல்லாம் கரண்டை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜைக் குறைக்கின்றன. அந்த வெட்டல் வேகத்தின் இரண்டு, மூன்று என்று பல மடங்கான அலைகள் மீடியம் வேவ் பட்டையான 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை வந்து விழும். இரைச்சலை வடிகட்டும் பாகங்களை உள்ளே வைத்தால் அடங்கிவிடும்; மலிவான பொருளில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

சத்தத்தை வைத்தே ஓரளவு ஆளைப் பிடிக்கலாம். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது இரைச்சலின் தொனி மாறினால் அதுதான். நொடிக்கு ஒரு தடவை 'டிக், டிக்' என்று சீராக விழுந்தால் பக்கத்துத் தோட்டத்து மின்வேலியாக இருக்கலாம்.

3. ரேடியோவைத் திருப்புங்கள்

பலரும் கம்பி ஏரியலை முழுசாக இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலான செட்டுகளில் அந்தக் கம்பி எஃப்எம்முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவுக்கு ஏரியல் செட்டுக்குள்ளேயே, செம்புக் கம்பி சுற்றிய கருப்பு ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள ஒரு பொருள்) குச்சியாகப் படுத்திருக்கிறது. குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் நன்றாகக் கேட்கும், முனை பார்த்தால் மங்கும். ஆகவே செட்டைத் தட்டு சுற்றுவதுபோல மெல்லச் சுற்றுங்கள். நிலையம் தெளிவாகி இரைச்சல் அமுங்கும் ஒரு கோணம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இதையே தேடவும் பயன்படுத்தலாம். இரைச்சல் மிகக் குறையும் கோணத்தில் செட்டின் நீளவாட்டு முனை ஏறக்குறைய இரைச்சல் வரும் திசையைக் காட்டும். இரண்டு அறைகளில் இப்படிப் பார்த்தால் இடம் பிடிபடும்.

4. என்ன செய்வது

முதலில் தூரம். அடாப்டர் இருக்கும் சுவரை விட்டு ரேடியோவை இரண்டு மீட்டர் நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கவ்வு மாதிரியான ஃபெரைட் உருளையை அடாப்டர் ஒயரில், அடாப்டரை ஒட்டியே மாட்டுங்கள். ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்று விட முடிந்தால் இன்னும் நல்லது. அப்படியும் அடங்காவிட்டால் அடாப்டரை மாற்றுங்கள். வோல்ட் அதே அளவாக, ஆம்பியர் அதே அல்லது கூடுதலாக, பின்னின் பிளஸ் மைனஸ் அதே பக்கமாக இருக்க வேண்டும். எல்இடி பல்பு என்றால் வேறொரு பல்பு போட்டுப் பார்ப்பதே வழி.

5. வீட்டுக்கு வெளியே இருந்தால்

மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்தும் இரைச்சல் இருந்தால் ரேடியோவோடு தெருவில் நடந்து பாருங்கள். ஒரு கம்பத்தின் அருகே 'பொரபொர'வென்று ஏறினால், மழையில் அடங்கி வெயிலில் திரும்ப வந்தால், அங்கே ஏதோ இணைப்பு தளர்ந்து பொறி விடுகிறது. அது ரேடியோ தொந்தரவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. கம்பத்தைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். 'ரேடியோ கேட்கவில்லை' என்று சொல்வதைவிட, 'இந்த எண் கம்பத்தில் பொறி விடுகிற மாதிரி தெரிகிறது' என்று சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஃபெரைட் உருளையோடு வேலை முடிந்தது. ரேடியோ அலமாரியிலிருந்து இறங்கி, கிழக்கு ஜன்னலில் சற்றே சாய்ந்த கோணத்தில் நிற்கிறது. அந்தக் கோணம் மாறிவிடக் கூடாதென்று அப்பா ஜன்னல் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.