மிச்சிகன் கலங்கரை விளக்கங்களைக் காரில் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலேயே அதிகக் கலங்கரை விளக்கங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில்தான், நூற்றுக்கும் மேல். மேப்பைத் திறந்து, மாநிலத்தைச் சூழ்ந்திருக்கும் பேரேரிகளின் கரையை ஒட்டிப் பார்த்தால் பத்து, இருபது மைலுக்கு ஒன்று என்று வரிசையாகத் தெரியும். உடனே ஒரு நாளில் ஏழெட்டைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். பயணம் சொதப்புவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான்.

இவற்றைக் கட்டியது ஏரியில் வரும் கப்பல்களுக்காக. மணல்திட்டு நீருக்குள் துருத்திக்கொண்டிருக்கும் முனை, பாறை மறைந்திருக்கும் இடம், துறைமுக வாய் என்று பார்த்து, கப்பல் எங்கே தடுமாறுமோ அங்கே கட்டினார்கள். கரைப்பக்கமிருந்து மனிதர்கள் எப்படி வந்து சேருவார்கள் என்பது பிறகுதான், பல இடங்களில் விளக்கைக் காத்த குடும்பங்களுக்குச் சாமான்கூடப் படகில்தான் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாதிச் சிக்கல் வராது.

ஒரு உதாரணம் பாருங்கள். லீலனாவ் தீபகற்பத்தின் நுனியில் கிராண்ட் டிராவர்ஸ் கலங்கரை விளக்கம் இருக்கிறது, பக்கத்துத் தீபகற்பத்தின் நுனியில் மிஷன் பாயின்ட் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்ணீரின் மேல் நேராக அளந்தால் 15 மைல்தான் வரும். காரில் போக வேண்டுமென்றால் டிராவர்ஸ் சிட்டி வரைக்கும் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும், 50 மைலுக்கு மேல், அதுவும் கோடைக்கால வாரக் கடைசி நெரிசலில். லீலனாவைச் சுற்றிப் போகும் எம்-22 சாலையில் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அந்தச் சாலை அழகானது, அதனாலேயே மெதுவானது, வழியில் நான்கு இடத்தில் நிறுத்தத் தோன்றும். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. அதுவும் அவற்றில் ஒன்றில்தான் மேலே ஏறிப் பார்க்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும்.

அடுத்தது, மேப்பில் இருக்கும் புள்ளியைக் கார் நிறுத்தும் இடம் என்று நினைத்துக்கொள்வது. லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் இருக்கும் பிக் சேபிள் பாயின்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் கட்டியது, 112 அடி உயரம், கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு எல்லா நாட்காட்டியிலும் இருக்கும். அங்கே உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. பார்க்குக்குள் காரை விட்டுவிட்டு கிட்டத்தட்ட 2 மைல் நடக்க வேண்டும், திரும்பி வர இன்னொரு 2 மைல், பெரும்பகுதி வெயிலில், மணல் படிந்த பாதையில். கோடையில் குறிப்பிட்ட சில நாட்களில் பஸ் விடுவார்கள். அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், முக்கியமாக வயதானவர்களோடு போகிறவர்கள். பிக்சர்ட் ராக்ஸ் பகுதியில் இருக்கும் ஆ சேபிள் கலங்கரை விளக்கமும் அப்படித்தான், ஹரிக்கேன் ரிவர் முகாமிலிருந்து ஒன்றரை மைல் நடை. ஆனால் அந்த நடையைத் தவறவிட வேண்டாம். வழியில் கரையில் இறங்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டம் இடம் கொடுத்தால், பழைய மரக்கப்பல்களின் அடிப்பலகைகள் இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டு மணலில் பாதி புதைந்து கிடக்கும். இந்த இடத்தில் எதற்கு ஒரு விளக்கு என்று அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். பார்ப்பதோடு சரி, ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படியே குற்றம்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் கிரிஸ்ப் பாயின்ட் இன்னும் ஒரு படி மேலே. பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து சுமார் 18 மைல் காட்டுக்குள் மண் சாலையில் போக வேண்டும். ஜிபிஎஸ் சில நேரம் மணல் நிறைந்த குறுக்குப் பாதையைக் காட்டும், சாதாரண கார் அதில் புதைந்தால் உதவிக்குக் கூப்பிட சிக்னல் இருக்காது. எனவே வழியை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள் அல்லது அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பராமரிக்கும் சங்கம் கொடுத்திருக்கும் வழிக்குறிப்பைப் பின்பற்றுங்கள், டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் வேறு நாள் பார்க்கலாம். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் பனியை அகற்றுவதே கிடையாது.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, சாதாரணமாகத் தோன்றினாலும் ஒரு நாளையே விழுங்கிவிடும். பிக் சேபிள், லிட்டில் சேபிள் இரண்டும் மிச்சிகன் ஏரியில். ஆ சேபிள் சுப்பீரியர் ஏரியில். ஆனால் ஆ சேபிள் ஆறு ஹ்யூரான் ஏரியில் போய்க் கலக்கிறது. பிரெஸ்க் ஐல் என்று தேடினால் ஹ்யூரான் கரையில் 1840இல் கட்டிய பழையதும் 1870இல் கட்டிய புதியதும் வரும், மார்க்கெட் (Marquette) என்ற ஊரின் பூங்கா வரும், பென்சில்வேனியாவில் ஈரி ஏரிக்கரையில் இருப்பதும் வரும். எல்லாவற்றிலும் மோசமானது கிராண்ட் மரே. மிச்சிகனில் ஒன்று, மினசோட்டாவில் ஒன்று, இரண்டும் சுப்பீரியர் ஏரிக்கரை, இரண்டிலும் துறைமுக விளக்கு உண்டு. ஓட்டல் அறை பதிவு செய்யும்போது ஊர்ப்பெயரோடு மாநிலத்தையும் பாருங்கள். கூடவே நேரத்தையும் பாருங்கள், ஏனென்றால் மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் விஸ்கான்சினை ஒட்டிய நான்கு கவுன்டிகள் மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடுகின்றன.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கிராண்ட் ஹேவன், சவுத் ஹேவன், செயின்ட் ஜோசப் மாதிரி ஊர்களில் விளக்கு கரையில் இல்லை, பியர் (pier) என்கிற, ஏரிக்குள் நீண்டு போகும் கான்கிரீட் மேடையின் மேல் இருக்கிறது. நல்ல நாளில் அதன் மேல் நடந்து போய் விளக்கைத் தொட்டுவிட்டு வரலாம், குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். காற்று எழுந்த நாளில் அதே பியர் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். ஏரிதானே என்ற நினைப்புதான் ஆபத்து. மிச்சிகன் ஏரி 300 மைலுக்கு மேல் நீளம், அத்தனை தூரம் தடையில்லாமல் வரும் காற்று எழுப்பும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக வரும், முதல் அலையில் கால் இடறினால் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பியரின் மேல் உயரத்தில் ஓர் இரும்பு நடைபாதை போவதைக் கவனித்திருப்பீர்கள். விளக்கைக் காத்தவர்கள் புயல் நாட்களில் கீழே நடக்க முடியாது என்பதால் அமைத்தது அது. அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள் நடக்கத் துணியாத இடத்தில் நாம் போனை நீட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. தரை ஈரமாக இருந்தாலே அலை மேலே ஏறுகிறது என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள்.

பியரை ஒட்டி நீந்துவதும் இதே அளவுக்கு மோசம். சுவரில் மோதும் தண்ணீர் சுவரை ஒட்டியே ஏரிக்குள் திரும்பி ஓடும், கரை பத்தடியில் தெரிந்துகொண்டிருக்கும்போதே நல்ல நீச்சல்காரரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. அப்புறம் பனிக்காலம். செயின்ட் ஜோசப் விளக்கு முழுக்கப் பனிக்கட்டி போர்த்தி நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டு ஜனவரியில் கிளம்புகிறவர்கள் நிறைய. கரையில் நின்று எடுங்கள், ஜூம் இருக்கிறது. கரையோரப் பனிக்குன்றுகள் கெட்டியான தரை மாதிரி தெரியும், அடியில் வெற்றிடமும் தண்ணீருமாக இருக்கும்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். பொழுது இருக்கிறதே என்று ஆறு மணிக்குப் போனால் கோபுரத்தைப் பூட்டியிருப்பார்கள், பெரும்பாலான இடங்களில் ஐந்து மணியோடு சரி. ஏறிப் பார்க்க வேண்டியதைப் பகலில் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்கிற பாயின்ட் பெட்சி, லிட்டில் சேபிள் மாதிரி இடங்களை மாலைக்கு ஒதுக்கலாம். படம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: மிச்சிகன் ஏரிக்கரையில் சூரியன் ஏரிக்குள் மறைவதால் மாலையில் கோபுரம் கறுப்பு நிழலாக வரும், நிறம் வேண்டுமென்றால் காலையில் போக வேண்டும். ஹ்யூரான் பக்கம் இது அப்படியே தலைகீழ். திறந்திருக்கும் காலமும் சின்னது, பல இடங்களில் மே கடைசியிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரைதான். சில இடங்களில் வாரத்தில் ஓரிரு நாட்கள் மூடியிருக்கும், பலமான காற்று அடித்தாலும் மேலே விடமாட்டார்கள். கிளம்பும் நாள் காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? பிக் சேபிளில் 130 படிகள், இரும்புச் சுருள் படி, கீழே பார்த்தால் இடைவெளி வழியே தரை தெரியும். முட்டிவலி இருப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், பாதியில் நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கும் வழியில்லை. இவர்களுக்கு மிஷன் பாயின்ட், மேக்கினா பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓல்ட் மேக்கினா பாயின்ட், வைட்ஃபிஷ் பாயின்ட் போன்றவை தோது, காரிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். ஓல்ட் மேக்கினா பாயின்ட் ஒரு சின்னக் கோட்டை மாதிரி இருக்கும். 1957இல் மேக்கினா பாலம் திறந்ததும் பாலத்தின் விளக்குகளே கப்பல்களுக்கு அடையாளமாகிவிட, இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சின்னக் குழந்தைகளை எல்லா இடத்திலும் மேலே விடுவதில்லை, குறைந்தபட்ச உயரம் கேட்பார்கள், தூக்கிக்கொண்டு ஏறவும் அனுமதி இருக்காது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சுப்பீரியர் கரையில் கோடையில் தெற்குக் காற்று அடிக்கும் நாட்களில் கணுக்காலைக் குறிவைத்துக் கடிக்கும் ஈக்கள் கிளம்பும், கொசு மருந்துக்கு அவை பெரிதாக அடங்குவதில்லை, நீளமான பேன்ட்டும் காலுறையும்தான் வழி.

கோபுரத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு அருங்காட்சியகத்துக்குள் போகாமல் திரும்புவதை நான் உண்மையிலேயே பெரிய இழப்பு என்பேன். பல கோபுரங்களில் இப்போது இருப்பது சின்ன எல்இடி விளக்கு. பழைய ஃப்ரெனெல் லென்ஸ், அதாவது ஆள் உயரத்துக்கும் மேல் அடுக்கடுக்கான கண்ணாடிப் பட்டகங்களால் ஆன அந்த அதிசயம், வேறு எங்கோ இருக்கும். ஏரிக்கு நடுவே நிற்பதால் காரில் போகவே முடியாத வைட் ஷோல் விளக்கின் லென்ஸ் வைட்ஃபிஷ் பாயின்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்டானர்ட் ராக் விளக்கின் லென்ஸ் மார்க்கெட் ஊரில். அருகில் போய்ப் பார்த்தால், ஒரு சின்னச் சுடரின் வெளிச்சத்தை வீணாகச் சிதறவிடாமல் மடக்கி மடக்கி ஒரே திசைக்கு எப்படி அனுப்பினார்கள் என்பது பட்டகங்களின் சாய்விலேயே தெரியும், மேலே இருப்பது கீழ்நோக்கி, கீழே இருப்பது மேல்நோக்கி, நடுவில் பூதக்கண்ணாடி. அதே வைட்ஃபிஷ் பாயின்ட்டில்தான் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் மணியும் இருக்கிறது. 1975 நவம்பர் 10 அன்று புயலில் அந்தக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று மாலை புயலில் வைட்ஃபிஷ் பாயின்ட்டின் விளக்கும் ரேடியோ சிக்னலும் செயலிழந்திருந்தன. 1995இல் மணியை மேலே கொண்டுவந்தார்கள். அதன் முன்னால் குழந்தைகளிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள்.

எல்லாக் கலங்கரை விளக்கமும் பொதுச் சொத்து என்று நினைப்பதும் தவறு. சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பிக் பே பாயின்ட் தங்கும் விடுதியாக இருக்கிறது, ஹாலண்ட் ஊரின் பிக் ரெட் விளக்குக்குப் போகும் வழி தனியார் குடியிருப்பு வழியாகப் போவதால் நினைத்தபோது போக முடியாது. அதை எதிர்க்கரையில் ஹாலண்ட் ஸ்டேட் பார்க்கிலிருந்து பார்த்தாலே அழகாகத் தெரியும். ஸ்டேட் பார்க்குகளுக்குள் காரில் போக ரெக்ரியேஷன் பாஸ்போர்ட் என்கிற நுழைவுப் பாஸ் வேண்டும், வேறு மாநில நம்பர் பிளேட் என்றால் வாசலில் அன்றைய பாஸ் வாங்க வேண்டியிருக்கும். பிக்சர்ட் ராக்ஸ், ஸ்லீப்பிங் பேர் இரண்டும் தேசியப் பூங்காத் துறையின் கையில், அங்கே அந்தப் பாஸ் செல்லாது, தனிக் கட்டணம். ட்ரோன் பறக்கவிடவும் தடை. கரையில் கயிறு கட்டித் தடுத்திருந்தால் பைப்பிங் ப்ளோவர் என்ற அழிந்துவரும் பறவை முட்டையிட்டிருக்கலாம். முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும்.

கடைசியாகப் பணம். கடலோரக் காவல் படைக்குத் தேவைப்படாத கலங்கரை விளக்கங்களை 2000இல் வந்த சட்டத்தின்படி உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள், சாயம் பூசுவது, துருவைச் சுரண்டுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். சில டாலர்கள் கேட்கிறார்களே என்று வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகாதீர்கள். மேலே ஏற முடியாவிட்டாலும் உண்டியலில் போடுங்கள். சிக்னல் இல்லாத முனைகளில் கார்டு வேலை செய்யாமல் போகலாம், அதனால் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.