ஒரு கேமின் சாவி இன்னொரு கேமில்: பின்னிக் கிடக்கும் டெக்ஸ்ட் கேம் எழுதுவது எப்படி

இலங்கை மலையகத்துத் தெமோதரை ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்ல பக்கமிருந்து வரும் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலிருக்கிற சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைக்குப் போகும். மேலே ஒருத்தர் தவறவிட்ட பொருள் கீழே சுரங்கத்தில் வேறொருத்தருக்குக் கிடைத்தால்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு டெக்ஸ்ட் கேம் எழுதினோம்: ஸ்டேஷன், தேயிலை ஸ்டோர் (தோட்டத்துத் தொழிற்சாலை), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்). படம் இல்லை, சத்தம் இல்லை, வாசித்து முடிவெடுத்து நகர வேண்டியதுதான்.

இது புது யோசனை இல்லை. 1977இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஸோர்க் என்ற டெக்ஸ்ட் கேம், சின்னக் கணினிகளில் அடங்காததால் மூன்றாக வெட்டப்பட்டு 1980 முதல் வந்தது. ஆனால் அது பிரித்த கதை, பின்னிய கதை இல்லை. டெக்ஸ்ட் கேம்களுக்கென்று வருடாவருடம் நடக்கும் ஐ.எஃப்.கொம்ப் போட்டியில், 2011இல், நான்கு தனித்தனி கேம்களுக்குள் தொப்பிகளை வைத்து ஒரு பொதுப் புதிர் ஒளிந்திருந்தது. நமக்கு வேண்டியது அந்த ரகம்.

முதலில் கணினியைத் திறக்காதீர்கள். ஒரு கொப்பித் தாளில் எந்தப் பூட்டுக்கு எந்தக் கேமில் சாவி என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். நம்ம ரயில் பாதையின் டெப்லட் முறையை (டிரைவரிடம் அனுமதிக்கு அடையாளமாக ஒரு தகடு கொடுக்கும் முறை) நினைத்துக்கொண்டால் லேசு. ஒற்றைத் தண்டவாளம், எதிரே ரயில் வந்துவிடக் கூடாது, அதனால் டெப்லட் கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்ப முடியாது. அதை இந்தப் பக்க மெஷினிலிருந்து எடுக்க அந்தப் பக்க ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிக்க வேண்டும், ஒன்று வெளியே போய்விட்டால் திரும்பி மெஷினுக்குள் விழும்வரை இரண்டு பக்கமும் பூட்டு. எங்கள் முதல் வரைபடத்தில் ஸ்டோர் கதவுக்கு லயத்திலிருந்து எண் வேண்டும், லயத்து ட்ரங்குப் பெட்டிக்கு ஸ்டோரிலிருந்து எண் வேண்டும். நீ முதலில் கொடு, நீ முதலில் கொடு என்று இரண்டும் நின்றால் எந்த ரயிலும் நகராது. இதை எழுதி முடித்த பிறகு, ஆடிப் பார்த்த தம்பி “அண்ணே, எங்கேயும் போக முடியலையே” என்றபோதுதான் கவனித்தோம். அம்பு எங்கேயாவது வட்டம் போட்டுத் தொடங்கின இடத்துக்கே வந்தால் ஒரு பூட்டையாவது கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு கேமிலும் வெளியுதவி இல்லாமல் திறக்கிற அறை இரண்டு மூன்று இருக்கட்டும்.

கேம் எழுத ட்வைன் என்ற மென்பொருள் போதும், இலவசம். இன்ஃபோர்ம் என்ற இன்னொரு மென்பொருளும் நல்லதுதான், ஆனால் ஆடுபவர் தட்டச்சும் கட்டளையை அது ஆங்கில வாக்கிய ஒழுங்கில் எதிர்பார்க்கும். நாம் ‘சாவியால் பெட்டியைத் திற’ என்று வினையைக் கடைசியில் வைக்கிற ஆட்கள். ட்வைனில் சுட்டிகளை அழுத்தி நகர்வதால் அந்தத் தலையிடி இல்லை.

அடுத்தது, ஒரு கேமில் நடந்ததை இன்னொன்றுக்கு எப்படிச் சொல்வது. பிரவுசரிலேயே சேமித்து வைத்து மற்றக் கேம் அதை வாசிக்கும்படி செய்யலாம், ஆனால் நம்ம ஆட்கள் ஃபைலை வாட்ஸப்பில் அனுப்பி ஒன்றை ஃபோனிலும் மற்றதைக் கடைக் கணினியிலும் திறப்பார்கள், அங்கே அது சரிவராது. ரகசிய எண்தான் நம்பகம். ஸ்டோரில் கொழுந்தை எடை போட்டு முடித்ததும் தேயிலைப் பெட்டியில் 4723 என்று தெரிகிறது என்று வையுங்கள். முதல் மூன்று இலக்கமும் ஆடுபவர் எடுத்த முடிவுகள் (4 என்றால் கணக்கப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னவர்), கடைசி இலக்கம் அவற்றின் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்: 4, 7, 2 சேர்ந்து 13, ஆக 3. குருட்டாம்போக்கில் அடிக்கிற எண்களில் பத்தில் ஒன்பது இதிலேயே மாட்டும். ஸ்டேஷன் கேம் அந்த எண்ணைக் கேட்டு, உண்மை சொன்னவருக்கு ஒரு மாதிரியும் மறைத்தவருக்கு வேறு மாதிரியும் பேசலாம்.

எண்ணுக்குப் பதில் தமிழ்ச் சொல் வைக்க ஆசை வரும். எனக்கும் வந்தது, ‘கொழுந்து’ என்று வைத்தேன். ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. சரியாகத் தட்டச்சியவரையே பிழை என்று திருப்பி அனுப்பியது கேம். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி (நார்மலைஸ் செய்து) ஒப்பிட்டால் இது தீரும், ஆனால் ந, ன, ண குழப்பம் தீராது. எண்ணே வையுங்கள்.

பலர் விடுகிற பிழை இன்னொன்று: சாவி இந்தக் கேமில் இல்லை என்று ஆடுபவருக்குச் சொல்லாமல் விடுவது. பாவம், இல்லாத சாவியை லயத்தில் அறை அறையாகத் தேடிக்கொண்டிருப்பார். பெட்டியின் மூடியில் ‘ஸ்டோர்’ என்று சுண்ணாம்பால் எழுதியிருப்பதாக ஒரு வரி போதும், அப்புறம் அவர் பாடு. ஒரு கேமை மட்டும் ஆடுபவருக்கும் சின்னதாக ஒரு முடிவு வையுங்கள். பெட்டி திறக்காவிட்டாலும் பாட்டி பிளேன்டீ கொடுத்து அனுப்பட்டும்.

மூன்று கேம் என்றால் ஆடும் வரிசை ஆறு. ஆறு பேரைப் பிடித்து ஆளுக்கொரு வரிசை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்களுக்கு ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். ஆறாவது வரிசையில், லயத்திலிருந்து தொடங்கினால், யாரோ இன்னும் எடுக்காத லாந்தரைப் பற்றி பாட்டி நன்றி சொல்வாள். அதை இன்னும் திருத்தவில்லை.